பாத்திரம் ஏந்தாத பாத்திரம்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருந்த போதிதர்மர் பற்றிய குறிப்பைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கவிதை, கவிதை பற்றிய சண்டை, அந்தச் சண்டை பற்றிய கடிதங்கள் என்று மூன்றே விஷயங்களால் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்த இந்தப் பத்திரிகையில் ஒரு விளையாட்டின் விதியைப் பற்றி ஒருவர் கவலைப்படுகிறாரே என்ற சந்தோஷம். இரண்டாம் தடவை படித்தபோது அது போய்விட்டது. பகடை உருட்டி ஆடும் பழைய பாணிக் கற்பனை ஆட்டங்களுக்காக நண்பர் தமிழில் ஒரு துறவியை வடிவமைத்திருக்கிறார். காஞ்சிப் பல்லவ இளவரசன். வெறுங்கையால் பாறையைப் பிளப்பான். பார்வையால் எதிரியை மயக்குவான். பத்தாம் படியில் சீனத்துக்குப் போய் மடம் அமைப்பான். இதில் தமிழ் என்பது காஞ்சி என்ற ஊர்ப்பெயர் ஒன்றுதான். மற்றதெல்லாம் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் 1975இல் அச்சான ஒரு சின்னப் புத்தகத்திலிருந்து வந்து, நடுவில் ஒரு தமிழ் சினிமாவில் இறங்கித் தங்கி, நண்பரின் பேனாவுக்கு ஏறியிருக்கிறது. நண்பர் கோபித்துக்கொள்வார். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எனக்கு எதிரே உட்கார்ந்து பகடை உருட்டுகிறவர் அவர். இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் மூன்று சிறு நூல்களாக வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் மூலம். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். சந்தேகத்துக்குரியதைப் பகடை தீர்க்கும். தெருக்கூத்தும் தாயமும் ஒரே பாயில் உட்கார்ந்தது போல. பாத்திரங்களுக்கு வகைகள் உண்டு: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி, பிறகு வந்து சேர்ந்த திருடன். ‘கிளாஸ்’ என்பதை நண்பர் ‘பாத்திர வகை’ என்கிறார். ‘வகுப்பு’ என்று போட்டால் நம் ஊரில் வேறு அர்த்தம் வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆரம்பத்திலேயே தொழில் தீர்மானமாகிப் பெரும்பாலும் கடைசிவரை மாறாத ஓர் ஏற்பாட்டுக்கு அந்த அர்த்தம்தான் பொருத்தம் என்பது வேறு விஷயம்.

இந்த வரிசையில் துறவி 1975இல் ‘பிளாக்மூர்’ என்ற இணைப்பு நூலில் நுழைகிறான். டேவிட் காரடீன் நடித்த ‘குங் ஃபூ’ தொடர் 1972லிருந்து அந்த வருஷம்வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறக்கக்கூடாது. 1978இல் கைகாக்ஸ் எழுதிய ஆட்டக்காரர் கையேட்டில் அவனுக்கு முழு உருவம் கிடைக்கிறது. மொத்தம் 17 படிகள். கவசம் இல்லை, கேடயம் இல்லை. ஏற ஏற வெறுங்கை அடி பலக்கிறது. சுவரோரமாக விழுந்தால் அடிபடாது. 13ஆம் படியில் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தால் போதும், பிறகு தான் நினைத்த வேளையில் அவன் செத்து விழுவான். உச்சிப் படியில் இருப்பவனுக்குப் ‘பூக்களின் மகாகுரு’ என்ற பட்டம். உச்சிகளில் இடம் குறைவு. எட்டாம் படியில் மூன்று பேர், அதற்கு மேல் படிக்கு ஒருவர். ஆகையால் மேலே போக விரும்புகிறவன் இருக்கிறவனோடு ஒண்டிக்கு ஒண்டி மோதி ஜெயிக்கவேண்டும். நம் மடங்களின் வாரிசு வழக்குகளைப் பார்த்தவர்கள் இதை அபத்தம் என்று ஒதுக்கமாட்டார்கள். சொல்லப்போனால் அந்தப் புத்தகத்தில் எனக்கு நம்பகமாகப் பட்ட ஒரே விதி இது.

என் பிரச்னை வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பழைய ஆட்டங்களில் பாத்திரம் எப்படி வளர்கிறது? பாதாளத்திலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொன்றாலும் கிடைக்கும்தான், ஆனால் அது சில்லறை. பொன்தான் அனுபவம். இதை முதல் தடவை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவன். ஆடியில் விதைப்புக்கு வைத்துத் தையில் மீட்கும் சங்கிலிகளையும், மீட்கப்படாமலே ஏலத்துக்குப் போகும் கம்மல்களையும் வருஷம் முழுக்கப் பொட்டலம் கட்டிப் பெட்டகத்தில் வைப்பவன். இந்தக் கணக்கின்படி என்னைப் போல அனுபவம் மிகுந்தவன் சங்கரன்கோவிலில் இருக்க முடியாது. ஆனாலும் திருடனுக்கும் சண்டைக்காரனுக்கும் இந்த விதி நேர்மையானது. அவர்கள் எதற்காகக் குகைக்குள் போகிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. (ஆர்னெஸன் 1977இல் வெளியிட்ட நூலில் இதையே திருப்பிப்போட்டு, பொன்னைச் செலவழித்தால்தான் புள்ளி என்கிறார். அவர் கொஞ்சம் மனிதர்.)

துறவிக்கு என்ன விதி? அதேதான். 1978 புத்தகத்துத் துறவி தன் எளிய பிழைப்புக்குச் சிறு தொகை வைத்துக்கொண்டு மீதியைச் சமய நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடவேண்டும். ஆனால் அந்தப் பொன்னுக்குரிய புள்ளி அவன் கணக்கில்தான் ஏறுகிறது. துறப்பு என்பது கணக்கு முடிந்த பிறகு செய்கிற ஒரு தர்ம காரியம். பற்றறுத்தவன் பற்றியதை வைத்தே படி ஏறுகிறான். இதை யாரும் யோசிக்கவில்லை என்பதல்ல, யோசிக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு முஷ்டி. மொட்டைத் தலையும் காவியும் அந்த முஷ்டிக்கு உறை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் அடிப்படை நூலில் துறவியைக் காணோம். 2000இல் மூன்றாம் பதிப்பில் திரும்பி வந்தான், முஷ்டி இன்னும் பெரிதாகி.

அமெரிக்கன் இதைச் செய்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவனுக்குக் கிடைத்தது தொலைக்காட்சி. நமக்கு என்ன வந்தது? 2011இல் ‘ஏழாம் அறிவு’ வந்தது. காஞ்சியிலிருந்து புறப்பட்ட பல்லவ இளவரசன் சீனர்களுக்கு வைத்தியமும் சண்டையும் கற்றுக்கொடுத்தான் என்று அந்தப் படம் சொன்னதும், திண்டுக்கல்லுக்கு வடக்கே போகாதவர்களெல்லாம் சீனத்தைக் கண்டுபிடித்தவர்கள் போல நடக்க ஆரம்பித்தார்கள். நண்பரின் குறிப்பு அந்த நடையில் எழுதப்பட்டது. தெரிந்த விஷயங்களைப் பார்ப்போம். போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, யாங் ஷுவான்ஷி என்பவர் 547இல் லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அங்கே அவர் மேற்றிசையிலிருந்து வந்த பாரசீகத் துறவி. ஒரு கோயிலின் அழகைப் பார்த்து வியந்து நிற்கும் கிழவர், அவ்வளவுதான். தென்னிந்திய அரசனின் மூன்றாவது மகன் என்பது அவருடைய சீடர் வட்டத்தைச் சேர்ந்த டான்லின் எழுதியது. காஞ்சி அதற்கும் பிந்திய சேர்க்கை. சண்டைக் கலையோ இன்னும் பிந்தியது. அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டுக் கைவரிசை என்று சீனர்களே காட்டியிருக்கிறார்கள். சண்டைக் கலை வரலாற்றை ஆராய்ந்த டாங் ஹாவ் 1930லேயே இந்தக் கதையைக் கிழித்துப்போட்டார். சீனர்கள் கிழித்துப்போட்டதை எண்பது வருஷம் கழித்து நாம் பொறுக்கி ஒட்டிக்கொண்டு அதற்குத் தமிழ்ப் பெருமை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மரபுக் கதையை அப்படியே ஏற்றுக்கொண்டால்கூட, ஷாவோலினில் போதிதர்மர் ஒன்பது வருஷம் செய்தது என்ன? சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நண்பரே, ஒரு பாத்திரம் ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு உங்கள் நாலு பக்கங்களில் விதி எங்கே?

பல்லவர் காலத்துத் துறவி வேண்டுமானால் சினிமாவுக்குப் போக வேண்டியதில்லை. பல்லவ அரசனே எழுதிவைத்திருக்கிறான். முதலாம் மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாசம்’ ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சித் தெருவில் நடக்கிற அங்கதம். கள்ளுக்கடையில் சுற்றும் காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. அந்த வழியாக வரும் பௌத்த பிக்குதான் திருடினான் என்று அவன் தெருவில் கூச்சல் போடுகிறான். உண்மையில் எடுத்துப்போனது ஒரு நாய். சண்டையின் நடுவில் காபாலிகனின் தோழி பிக்குவின் தலைமுடியைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மொட்டைத் தலையில் பிடி கிடைக்காமல் தானே விழுகிறாள். தலையை மழிக்கச் சொன்ன புத்தரின் தீர்க்கதரிசனத்தை பிக்கு மெச்சிக்கொள்கிறான். பல்லவ நாட்டு பிக்குவின் தற்காப்புக் கலை பற்றி எனக்குத் தெரிந்த சமகாலச் சான்று இது ஒன்றுதான். வேடிக்கை இருக்கட்டும். அந்த நாடகம் முழுவதும் எதைச் சுற்றி ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு பிச்சைப் பாத்திரத்தைச் சுற்றி. துறவியின் கையில் இருப்பது பாத்திரம் என்று பல்லவ அரசனுக்குத் தெரிந்திருந்தது. முஷ்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மணிமேகலையைப் பற்றி நண்பரின் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. தமிழில் ஒரு துறவியைப் பாத்திரமாக வடிவமைக்கிற வேலையை முதலில் செய்து முடித்தவர் சாத்தனார். அதிலும் பழைய ஆட்டக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக்கூடிய ஸ்தூலத்தோடு. மணிபல்லவத் தீவில் தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழி போக ஒன்று, பசி தாங்க ஒன்று. பிறகு அமுதசுரபி வருகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்தான், ஆனால் முதல் பிச்சையை ஒரு கற்புடைய பெண் இடவேண்டும். ஆதிரை இடும்வரை அது வெறும் ஓடு. இதைவிட நல்ல விதியை நான் எந்த ஆட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை. சக்தி துறவியிடம் இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி இன்னொருவர் கையில். மந்திரத்துக்கு விலையும் உண்டு. காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொண்டதால்தான் அவள் கணவன் காஞ்சனன் தவறாகப் புரிந்துகொண்டு உதயகுமாரனை வெட்டுகிறான். ஒரு மந்திரத்தைப் பிரயோகித்ததற்கு ஒரு கொலை, அதற்கு ஒரு சிறை.

கவனிக்கவேண்டியது வரிசை. முப்பது காதைகளில் மந்திரங்கள் கிடைப்பது பத்தாவதில், பாத்திரம் பதினொன்றில். அவள் நோன்பு ஏற்பது முப்பதில். சித்திகள் முதலில், துறவு கடைசியில். விஸ்கான்ஸின்காரர்களின் ஏணியில் துறவி ஒன்றுமில்லாதவனாகத் தொடங்கி ஒவ்வொரு படியிலும் ஒரு சக்தியை வாங்கிக்கொண்டு ஏறுகிறான். நம் காப்பியத்தில் அவள் எல்லாச் சக்தியோடும் தொடங்கி, அவை எதற்கும் போதா என்று கண்டு, அறவண அடிகள் முன் போய் உட்காருகிறாள். அட்டமா சித்திகளை எட்டுப் படிகளாக அடுக்கிவிடலாம் என்று எங்கள் வட்டத்தில் இன்னொருவர் யோசனை சொன்னார். பாம்பாட்டிச் சித்தர் சமாதி உள்ள ஊர், உள்ளூர் அபிமானம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பதஞ்சலியே சித்திகளைச் சமாதிக்கு இடைஞ்சல் என்று எழுதியிருக்கும்போது, இடைஞ்சல்களை அடுக்கி அதற்குப் படி என்று பெயர் வைப்பது என்ன சிருஷ்டி?

இது புத்தக விஷயம் மட்டுமல்ல. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினால் வழியில் கழுகுமலை. வெட்டுவான் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் திரும்பும் அவசரத்தில் அரைப் பார்வை பார்த்துவிட்டுப் போகும் பாறைச் சரிவில் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு வேலை. கீழே வட்டெழுத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள். எவையும் பெரிய சாசனங்கள் அல்ல. இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி, இன்ன குரவரின் மாணாக்கர் செய்வித்தது என்று ஒன்றரை வரி. தச்சரும் குயவரும் இருக்கிறார்கள். குரத்தியர் இருக்கிறார்கள், அதாவது பெண் ஆசிரியர்கள், மாணாக்கரை வைத்துக் கற்பித்த சமணத் துறவிகள். நான் அங்கே எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன். யார் யாரை அடித்தார்கள் என்ற தகவல் பாறையில் இல்லை. யாருக்கு யார் மாணாக்கர், யாருக்காக யார் கொடுத்தார்கள் என்ற தகவல் மட்டும் இருக்கிறது. எங்கள் ஊரிலேயே ஆடித் தபசு நடக்கிறது. சங்கரனும் நாராயணனும் ஒன்றாக நிற்பதைக் காணக் கோமதி ஒற்றைக் காலில் தவம் நின்றாள். அவள் கால் வலியில் ஒரு பங்கு தங்களுக்கும் வரட்டும் என்று ஜனங்கள் கோயிலை எண்ணி எண்ணிச் சுற்றுகிறார்கள். விசைத்தறியில் நாள் முழுக்க நின்ற கால்களோடு வந்து சுற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். தவம் என்பது தனி மனிதன் தன் உடம்பில் சேர்த்துவைக்கும் சொத்து என்று இவர்களில் யாரும் நினைக்கவில்லை.

விமர்சிக்கிறவன் மாற்று ஒன்று தரவேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. இருந்தாலும் இந்தத் தடவை வைத்திருக்கிறேன். என் துறவிக்கு முதல் படியிலேயே மூன்று மந்திரங்களும் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் கிடைப்பது ஒரு விரதம், அதாவது அவனால் இனிச் செய்ய முடியாத ஒன்று. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை, உயிருள்ளதை மிதிப்பதில்லை, பொய் சொல்வதில்லை. கடைசியாக மந்திரங்களையும் விடவேண்டும். பொன்னால் அவனுக்குப் புள்ளி இல்லை. தன்னோடு வருகிறவர்கள் அவன் பொருட்டுத் தங்கள் கையிலிருந்து எதை விட்டாலும் அதற்குப் புள்ளி உண்டு, அது விட்டவருக்கும் துறவிக்கும் சமமாக. முடிவு சல்லேகனை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தில் மற்ற பாத்திரங்கள் பகடையால் சாகின்றன. இது ஒன்றுதான் தானாகத் தீர்மானித்துத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போகும்.

இன்னொரு விதி உண்டு. பழைய ஆட்டங்களில் உணவைக் கணக்கு வைத்தே ஆகவேண்டும். எத்தனை நாள் சோறு, எத்தனை பந்தம், எவ்வளவு கயிறு எல்லாவற்றையும் எழுதி, கழித்துக்கொண்டே வருவோம். சுவாரஸ்யமற்ற வேலை என்று புதிய ஆட்டங்கள் இதைக் கைவிட்டுவிட்டன. என் துறவி உணவு எடுத்துப் போகமாட்டான். தினமும் யாராவது தன் கணக்கிலிருந்து ஒரு வேளையைக் கழித்து அவன் பாத்திரத்தில் இடவேண்டும். இடாவிட்டால் கேட்கமாட்டான். துறவியை ஆடுகிறவரும் கேட்கக்கூடாது, கண்ணைக் காட்டக்கூடாது. பசி மந்திரம் ஏழு நாளைக்குத் தாங்கும், அதற்குமேல் தாங்காது.

“இதை யாருய்யா ஆடுவான்?” என்றார் நண்பர். நியாயமான கேள்வி. என் மதினி ஆடுகிறேன் என்றார். பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு வருஷமாகக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். உட்காருங்கள் என்று நாங்கள் ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு குரத்தியை எடுத்துக்கொண்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆடினோம். ஆட்டத்தில் அது காட்டு வழியில் பத்து நாள் பயணம். முதல் இரண்டு நாள் ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு குரத்திக்கு இட்டார்கள், புள்ளி வருகிறதல்லவா. மூன்றாம் நாள் ஓநாய்கள் வந்தன. பிறகு பாலம் உடைந்தது, வரைபடத்தைப் பற்றி ஒரு சண்டை, நண்பரின் பல்லவ இளவரசன் ஒரு ராட்சதனை வெறுங்கையால் வீழ்த்திய பிரமாதமான முக்கால் மணி நேரம். இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் குகை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். யார் முதலில் நுழைவது என்று நான் கேட்டபோது மதினி தன் தாளை எடுத்து நடுவில் வைத்தார். ஓரத்தில் பென்ஸிலால் கோடுகள். ஒரு நாளைக்கு ஒரு கோடு, எட்டு கோடுகள்.

“நேத்து ராத்திரியே போயிட்டா” என்றார்.

எல்லோரும் அவரவர் தாளைப் பார்த்தோம். நாலு பேர் கணக்கிலும் சோறு மிச்சமிருந்தது. நண்பரிடம்தான் அதிகம், பதினோரு வேளை. ஆட்டத்தை நடத்திய நானும் கவனிக்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. ஓநாய்களின் எண்ணிக்கையை நான் தப்பாமல் வைத்திருந்தேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மதினி” என்றார் நண்பர். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

“சொல்லக்கூடாதுன்னு தம்பிதான எழுதி வச்சிருக்காக.”

விதி மோசமானது என்பது நண்பரின் கட்சி. பசித்தவள் வாயைத் திறக்கக்கூடாது என்று எழுதுவது ஆட்டமல்ல, கொடுமை என்கிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உண்மைத் துறவிகள் வாசலில் வந்து நிற்கவாவது செய்தார்கள், நின்றால் கண்ணில் படும், தாளில் இருக்கிற குரத்தி எப்படிக் கண்ணில் படுவாள் என்று கேட்கிறார். அதற்காக ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இனித் துறவியை ஆடுகிறவர் ஒரு நிஜப் பாத்திரத்தைப் பாயின் நடுவில் வைப்பார். உணவு இடுகிறவர் தன் கையால் ஒரு புளியங்கொட்டையை அதில் போடவேண்டும். சத்தம் கேட்கும், அல்லது கேட்காது. கேட்கக்கூடாது என்ற விதியை நான் எடுக்கவில்லை.

மதினி புதுத் தாள் எழுதிவிட்டார். இறந்த குரத்தியின் மாணாக்கி. பெயர் எழுதவேண்டிய இடத்தில் பெயர் இல்லை, இன்னாரின் மாணாக்கி என்று மட்டும். எங்கள் வீட்டுப் பித்தளைக் கிண்ணம் ஒன்றைப் புளி போட்டு விளக்கி மாடிப்படியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். வருகிற ஞாயிறு நாலு மணிக்கு. நண்பர் வருவதாக இன்னும் சொல்லவில்லை.